கார் ஷெட்டில் முப்பத்திரண்டு நூல்

கோயமுத்தூரில், பம்பு பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு வட்டாரத்தில், மில் காலனி நாலாவது வீதியில், துளசிமணி வீட்டுக் கார் ஷெட்டின் காங்கிரீட் மேல்தளம் ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு நூல் அளவு கீழே இறங்கியது. விரிசல் விடவில்லை, தூசி கொட்டவில்லை, மேலே மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்கூட அசையவில்லை, பெரிய மனிதர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்வதைப் போல இறங்கி, அப்படியே நின்றுகொண்டது. யாரும் அலறவில்லை. துளசிமணிக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தத் தளம் ஏற்கெனவே உயரம் போதாத தளம்.

அது எப்படி உயரம் போதாமல் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் வீடு கட்டும்போது காளியண்ணன் மேஸ்திரி ஷெட்டுக்கு ஒன்பதடி உயரம் வைக்கலாம் என்றார். துளசிமணியின் கணவர் சென்னியப்பனின் சொந்தக்காரர்கள் ஆறு பேர் கூடி உட்கார்ந்து, மனையடி சாஸ்திரப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டி, ஒன்பதடி ஆகவே ஆகாது, எட்டடிதான் யோகம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தக் கணக்கு அறையின் நீள அகலத்துக்குச் சொன்னது, உயரத்துக்குச் சொன்னதில்லை என்று மேஸ்திரி தொண்டைத் தண்ணீர் வற்ற எடுத்துச் சொன்னார். "நீளத்துக்கு ஆகாதது ஒசரத்துக்கு மட்டும் ஆகிப்போகுமுங்களா?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். அதற்கு மேல் யார் என்ன பேச? எட்டடிக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் தளம் போட்டாயிற்று.

துளசிமணி கார் மெக்கானிக். அவிநாசி சாலையில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். முதல் இரண்டு வருடம் ஸ்டோரில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள், மூன்றாம் வருடம் அந்த ஸ்பேனரைத் தானே கையில் வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் போனவள், வீதி முனையில் கார் திரும்பும்போதே அதன் அடிவயிற்றுச் சத்தத்தைக் கேட்டு எந்த புஷ் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவள். பட்டறை இருந்த இடம் கல்யாண மண்டபமாகிப் போனதும், அவள் கையை நம்பிய வாடிக்கைக்காரர்கள் காரை அவள் வீட்டுக்கே ஓட்டி வந்தார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை கொடுத்து, சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, கையை மேலே தூக்கியபடி மூன்று வருடம் வேலை செய்தாள். கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருசம் இப்புடியே மல்லாந்து படுத்து வேலை பாத்தீங்கன்னா, வலது கையில ஸ்பூன்கூடப் புடிக்க முடியாதுங்கம்மா. ஒக்காந்து பாருங்க. இல்லைன்னா தொழில விட்டுருங்க."

தொழிலை விட துளசிமணிக்கு மனசில்லை. அதனால் காரைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் வாங்க வேண்டும்.

கணக்கு அவளுக்கு மனப்பாடம். எட்டடி என்றால் தொண்ணூற்றாறு அங்குலம். வருகிற கார்களில் பெரும்பாலானவை ஐம்பத்தெட்டு அங்குல உயரம். மிச்சம் முப்பத்தெட்டு. முக்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து வேலை செய்ய, கார் முப்பத்து நாலு அங்குலம் மேலே போனால் போதும். ஆக, உபரி நாலு அங்குலம். மேஸ்திரிமார் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். முப்பத்திரண்டு நூல்தான் அவளுக்கும் அவள் தொழிலுக்கும் நடுவில் இருந்த இடம்.

பணம் அவளுடையது. எந்த லிஃப்ட் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு தூண் லிஃப்டுக்குப் பன்னிரண்டு அடியாவது வேண்டும், நாலு தூண் லிஃப்ட் ஷெட்டையே அடைத்துக்கொள்ளும், ஆகவே கத்தரி மாதிரி மடங்கி விரிகிற தாழ்வான லிஃப்ட்தான் ஒரே வழி என்று அவள் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். பிறகு ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், அங்கேதான் சென்னியப்பன் வருகிறார்.

சென்னியப்பன் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தங்கமான மனுஷன் என்று பெயர் எடுத்தவர். குரலை உயர்த்த மாட்டார், கையை ஓங்க மாட்டார், இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் பெண்டாட்டி கேட்ட எதையும் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. "பாக்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லை அவர் சொல்கிற விதமே தனி. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, நாளைக்கே நடந்துவிடும் என்று கேட்பவர் நம்பும்படி அவ்வளவு பதமாகச் சொல்வார். சரி என்று சொல்லியிருந்தால் துளசிமணி வாங்கியிருப்பாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டு வாங்கியிருப்பாள். பாக்கலாம் என்கிற மனுஷனோடு எங்கே போய் முட்டிக்கொள்வது? பஞ்சுமூட்டையில் குத்து விடுகிற கதைதான்.

லிஃப்ட் வாங்கும் பேச்சு எழுந்த நாளிலிருந்து அவர் ஒரு கோப்பு போட்டார். கம்பெனி கம்பெனியாக விலைப்பட்டியல் வாங்கினார், கட்டம் போட்டார், கட்டத்துக்குள் கட்டம் போட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். தரையில் குழி வெட்டி அதற்குள் இறங்கி வேலை செய்யலாமே என்றார் ஒருவர்; அந்த மூலையில் குழி விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் அதே பெரியப்பா. தளத்தில் ஒரு காரளவுக்கு ஓட்டை போட்டுவிடலாம் என்றார் ஒருவர். டயரில் காற்றை இறக்கிவிட்டால் மூன்று அங்குலம் மிச்சமாகுமே என்றார் ஒருவர், அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பதினான்கு மாதம் இப்படி ஓடியது. ஐப்பசி வியாழக்கிழமை காலை, ஷெட்டில் நின்று டேப்பைச் சுருட்டிக்கொண்டே சென்னியப்பன் எத்தனையாவது தடவையோ "பாக்கலாம்" என்றார். அப்போதுதான் தளம் இறங்கியது. பாவம், அதுவும் எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். காளியண்ணனுக்கு எழுபது வயது, அவர் ஏணி எடுக்கவில்லை, ரசமட்டம் கேட்கவில்லை, இரும்பு டேப்பைத் தரைக்கும் தளத்துக்கும் நடுவில் விறைப்பாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "நான் போட்டது எட்டடிங்க. இப்ப ஒரு நூல் கம்மியா நிக்குது" என்றார்.

"அது எப்புடிங்க மேஸ்திரி கம்மியாகும்?" என்றார் சென்னியப்பன். "செரி, பாக்கலாம்."

டேப் நடுவில் வில்லாக வளைந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மேஸ்திரி டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினார். "எறங்குதுங்க" என்றார், தூறல் போடுகிறது என்பதைப் போல. "மாப்ள வாயத் தொறந்தா எறங்குது. இதுக்கு சிமெண்டு வேலை ஒண்ணும் இல்லீங்க அம்மிணி. காப்பி இருந்தாக் குடுங்க, நான் கெளம்பறேன்."

துளசிமணி சாக்கட்டியை எடுத்து ஷெட்டுச் சுவரில் முப்பத்திரண்டு கோடு போட்டு, இரண்டை அழித்தாள்.

முதல் வாரத்தில் சென்னியப்பன் மட்டுமே ஒன்பது நூல் தின்றார். வேண்டுமென்று செய்யவில்லை, அவர் மூச்சு விடுவதே அந்தச் சொல்லில்தான். சமையலறையில் சொன்னாலும் இறங்கியது, குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்குள் முணுமுணுத்தாலும் இறங்கியது. அலுவலகத்தில் சொன்னால் இறங்குவதில்லை என்று கண்டுபிடித்து, அங்கே போய் வயிறாரச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்குள் வேறு வார்த்தை தேடினார். "யோசிக்கலாம்" என்றார், ஒரு நூல். "தை பொறக்கட்டும்" என்றார், ஒரு நூல். "உனக்கில்லாததா துளசி" என்றார், ஒரு நூல். கடைசியில் வாயே திறக்காமல் தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டினார், அதற்கும் ஒரு நூல் இறங்கியது. ரங்கநாயகி டீச்சர் அடுத்த வீட்டுக்காரர், துளசிமணியிடம் கார் விடுகிறவர், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர். அவர் ஷெட்டுக்குள்ளேயே மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, சோற்றுப் பானையை வைத்து, "வெந்துருச்சான்னு பாக்கலாம்" என்று உரக்கச் சொல்லி மூடியைத் திறந்து பார்த்தார். தளம் அசையவில்லை. "தெரிஞ்சுதா அம்மிணி? சொல்லுக்கு எறங்கறதில்ல இது. மனசுல இல்லைங்கறத வெச்சுக்கிட்டு மழுப்பறோம் பாரு, அதுக்குத்தான் எறங்குது" என்றார். வீதி முழுக்க அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்களை எண்ண முடியாது. பொறியியல் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் கருவியெல்லாம் கொண்டுவந்து இரண்டு நாள் அளந்து, இருபது பக்க அறிக்கை எழுதி, இன்னும் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று கடைசி வரியை வாசித்தார், ஒரு நூல். மாநகராட்சியிலிருந்து வந்தவர், கட்டடத்தை உயர்த்தினால் விண்ணப்பம் இருக்கிறது, தானாகத் தாழ்ந்தால் விண்ணப்பம் இல்லை, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்; இரண்டு நூல். வார்டு கவுன்சிலர் சால்வையோடு வந்து, சாக்கடையைப் பற்றி, தெருவிளக்கைப் பற்றி, தண்ணீர் நேரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் கும்பிட்டபடியே பதில் சொல்லிவிட்டுப் போனார், மூன்று நூல். துளசிமணி அவர் காருக்குப் பின்னாலேயே ஓடி, "சாக்கடை பேசறதுக்கு என்ற ஷெட்டுதான் கெடைச்சுதுங்களா?" என்று கத்தினாள். கார் போய்விட்டது. அதன் இடது பின் சக்கரத்தில் பேரிங் போயிருந்தது, சொல்லாமல் விட்டாள்.

சுவரில் பதிமூன்று கோடு மிச்சம் இருந்தபோது வீதிச் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. நாலாவது வீதியில் யாரும் மழுப்பிப் பேசக் கூடாது. சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. முதல் மூன்று நாள் வீதியே ரணகளமாகக் கிடந்தது. கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும் என்றவரிடம் வர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். மிக்ஸி இரவல் கேட்டவளிடம் தர மாட்டேன், போன தடவை பிளேடை மழுங்கடித்துவிட்டாய் என்றார்கள். ஏழு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. அப்புறம் அதுவும் பழகிவிட்டது. வர மாட்டேன் என்றவன் வர மாட்டான், வருகிறேன் என்றவன் வந்தான், எத்தனை இலை போடுவது என்று முதல் முறையாகச் சரியாகத் தெரிந்தது. வீட்டுத் தரகர்கள் நாலாவது வீதிப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

வீதிக்காரர்கள் திருந்தியது துளசிமணிக்கு உதவவில்லை, ஏனென்றால் ஊர் திருந்தவில்லை. மனசில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் தளம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆளை அழைத்துக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பெண் பார்த்துவிட்டுப் போய் எட்டு மாதமாகப் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டாரை, காரில் ஏதோ சத்தம் வருகிறது, ஒரு நல்ல மெக்கானிக் இருக்கிறாள் என்று சொல்லிக் கூட்டி வந்து, ஷெட்டுக்குள் நிற்கவைத்து, "அப்ப நம்ம விசயம் என்னுங்க?" என்று கேட்டார்கள். "ஊட்டுல பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஒரு நூல். பெண்ணின் அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, துளசிமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார், எட்டு மாதம் வீணாய்ப் போச்சே என்று. அவளும் என்ன சொல்வாள்? அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, வந்து ஒரு கோட்டை அழித்தாள். பாகம் பிரிக்காத அண்ணனைத் தம்பி கூட்டி வந்தான். கக்கூஸ் கதவை மாற்றித் தராத வீட்டுக்காரரைக் குடியிருப்பவர் கூட்டி வந்தார். ஒருத்தி தன் காதலனைக் கூட்டி வந்து, தளத்தைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். தளம் இறங்கியதும் அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, தெரியும் என்பதுபோல வெளியே போய்விட்டாள்.

துளசிமணி ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். வாசலில் நின்று கேட்டார்கள். கேட்டைப் பூட்டினாள். தெருக்குழாயடியில் நின்று கேட்டார்கள், தளத்துக்கு அங்கே வரை காது எட்டியது. யாரோ ஷட்டர் மேல் விபூதிப் பட்டை போட்டு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அவள் அறுத்து எறிந்தாள். ஊரெல்லாம் தன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போயிற்று, அந்த நிம்மதிக்கெல்லாம் அவள் தொழிலிலிருந்து நூல் நூலாக உருவிக்கொண்டு. இதை அவள் சொல்லாத ஆள் இல்லை. கேட்டவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். ஐயோ பாவத்துக்குத் தளம் ஏறுவதில்லை.

இதற்கெல்லாம் நடுவில் சென்னியப்பனின் கோப்பு மூன்று விரல் தடிமனாகிவிட்டது. உண்மையாகவே உழைத்தார் மனுஷன். தாழ்வான லிஃப்டில் எது எத்தனை நொடியில் ஏறும், எதன் எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று தேர்வுக்குப் படிப்பதைப் போலப் படித்தார். வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினார், பேசிவிடக் கூடாதே என்று.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை சுவரில் ஒரே ஒரு கோடு இருந்தது.

அன்றைக்கு எட்டரை மணிக்கு லிஃப்ட் விற்கிற ஜெபராஜ் போன் செய்தார். பதினெட்டு மாதமாக விலைப்பட்டியல் அனுப்பி அனுப்பி அலுத்துப்போன மனிதர். "அக்கா, நீங்க கேட்ட கத்தரி மாடல் ஒண்ணே ஒண்ணு இருக்குது. திருப்பூர்க்காரர் ஒருத்தர் கேட்டிருக்காரு, லாரில ஏத்தியாச்சு. உங்க வீதி வழியாத்தான் போகுது. வேணும்னா நிறுத்தி எறக்கிடறேன், வேண்டாம்னா நேராப் போயிரும். அடுத்தது வர ஆறு மாசம் ஆகும். பத்து நிமிசத்துல சொல்லுங்கக்கா."

ஆறு மாதம் தளமும் தாங்காது, கழுத்தும் தாங்காது. துளசிமணி உள்ளே போனாள். அலுவலகத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவரை, இரண்டு பொத்தான் போடாத கோலத்திலேயே, கையைப் பிடித்து ஷெட்டுக்குக் கூட்டிவந்து, உள்ளேயிருந்து ஷட்டரை இறக்கினாள். கோப்பு அவர் கக்கத்தில் இருந்தது. அந்தக் கோப்பை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. வெளியே லாரி வந்து உறுமிக்கொண்டு நின்றது. நாலாவது வீதிக்காரர்கள் பல் தேய்க்கிறவர்கள், பால் வாங்குகிறவர்கள் எல்லாரும் வந்து ஷட்டருக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க, லாரி வந்து நிக்குது. வாங்கலாமா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சென்னியப்பன் கோப்பைத் திறந்தார். "துளசி, இதுல இன்னொரு கம்பெனி..."

"அத மூடுங்க. ஒரு நூல்தான் இருக்குது. சொல்லுங்க."

அவர் தளத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தலை பழக்கப்படி கொஞ்சம் சாய்ந்தது, கண் கொஞ்சம் சுருங்கியது, வாய் திறந்து முதல் எழுத்துக்கு உதடு ஒட்டியது. ஒட்டிய உதட்டோடு அப்படியே நின்றார். துளசிமணிக்கு இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை.

"வேண்டாம்" என்றார் சென்னியப்பன்.

தளம் அசையவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

"வேண்டாம் துளசி. எனக்குப் புடிக்கல." குரல் அவருடையது மாதிரியே இல்லை. "என்ற ஊட்டுக்காரி வாசல்ல கிரீஸ் கையோட ஒக்காந்திருக்கறது எனக்குப் புடிக்கல. ஆபீசுல கேக்கறவங்ககிட்ட ஆட்டோமொபைல் லைன்ல இருக்கறான்னு சொல்லிச் சமாளிக்கறேன். பட்டறைய மூடுனப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. கழுத்து வலி வந்தப்பகூட, செரி, இதோட நீ உட்டுருவீன்னு..." முடிக்கவில்லை.

துளசிமணிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது. அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. இத்தனை காலமும் கை நீட்டி நீட்டித் தேடிய சுவர் கடைசியில் கையில் தட்டுப்பட்டது போன்ற ஒரு ஆறுதல். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதச் சொல்றதுக்கு என்னுங்க இத்தன நாளு?"

"சொன்னா நீ வருத்தப்படுவீன்னுதான்."

"பொள்ளாச்சிப் பட்டறைல தலைமை மெக்கானிக்கா வரச் சொன்னாங்க. பாக்கலாம்னீங்க. அது?"

"வேண்டாம்னுதான்."

"எங்கம்மாவ இங்க கொண்டாந்து வெச்சுக்கறேன்னு கேட்டேன்."

"அதுவும்."

தளம் அசையவில்லை. ஷட்டருக்கு வெளியே யாரோ இருமலை அடக்கினார்கள். அடுத்ததைக் கேட்கலாமா வேண்டாமா என்று துளசிமணி கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் போகாத கறுப்பு. பிறகு கேட்டாள், குரலை இறக்கி, வெளியே கேட்காதபடி.

"ரெண்டாவது கொழந்தைங்க?"

சென்னியப்பன் கோப்பைத் தரையில் வைத்தார். அதன் பக்கத்திலேயே, அலுவலகப் பேண்ட்டோடு, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருந்துச்சு. மொதப் பிரசவத்துல உன்னைய ஆசுபத்திரிக்காரங்க தூக்கிட்டு ஓடுனத நான் பாத்துட்டேன். அதுக்கப்பறம் எனக்குத் தெகிரியமே வரல. வேண்டாம்னுதான் துளசி. அன்னிக்கே வேண்டாம்னுதான்."

முப்பதாவது வயதிலிருந்து முப்பத்தெட்டு வரைக்கும் அவள் கேட்டிருக்கிறாள். இந்தத் தை போகட்டும், அந்த ஆடி போகட்டும் என்று ஒவ்வொரு தடவையும் அவர் தலையைச் சாய்த்துச் சொன்ன அழகில் நம்பி, மகளின் சின்னச் சட்டைகளை யாருக்கும் கொடுக்காமல் பரண்மேல் அட்டைப்பெட்டியில் எட்டு வருடம் வைத்திருந்திருக்கிறாள். அத்தனை வருடமும் அவளுக்குப் பதில் இருந்திருக்கிறது. இரண்டடி தள்ளி, அதே கட்டிலில், பதில் படுத்துத் தூங்கியிருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. தளம் அசையாமல் அப்படியே நின்றது.

"அன்னிக்கே இதச் சொல்லியிருந்தீங்கன்னா நான் சண்டை போட்டிருப்பேனுங்க," என்றாள். "உங்க பயத்தையும் கேட்டிருப்பேன், சண்டையும் போட்டிருப்பேன். ஜெயிச்சிருப்பேன்."

சென்னியப்பன் தலை குனிந்தார். இது மழுப்பல் இல்லை போலிருக்கிறது. சுவரில் அந்த ஒரு கோடு அப்படியே இருந்தது.

துளசிமணி எழுந்தாள். குனிந்து ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்து, கழுத்தில் வலி சுரீர் என்று இழுக்க இழுக்க, முழுக்க மேலே தள்ளினாள். வாசல் வெளிச்சத்தில் வீதி முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. லாரிக்குப் பக்கத்தில் ஜெபராஜ் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"என்னக்கா, அண்ணன் என்ன சொன்னாரு?"

"வேண்டாம்னாரு," என்றாள் துளசிமணி. முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுந்தத் துடைத்துக்கொண்டு, லாரிக்குப் பின்னால் போய் நின்று, கையை உயர்த்தி ஓட்டுநருக்குச் சைகை காட்ட ஆரம்பித்தாள். "வாங்க... வாங்க... லெப்டுல ஒடிங்க... இன்னும் வாங்க... போதும். எறக்குங்க."